வாசகர் கேள்வி: தாயின் மார்பில் ஒரு வெப்பக் கூடு

கேள்வி: என் மகளுக்கு 1,600 கிராம் எடையில் பிறந்த குழந்தையை உடனே அவள் மார்போடு அணைத்து வைத்தார்கள். பல ஏழை நாடுகள் சேர்ந்து ஆராய்ந்த முறை என்றார் செவிலியர். உண்மையா?
– ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: உண்மைதான், அம்மா. இன்குபேட்டர் பற்றாக்குறையால் தவித்த கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978-இல் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கியதே இந்தக் கங்காரு பராமரிப்பு. ஆனால் நெடுங்காலம், குழந்தையின் உடல்நிலை சீரான பின்னரே தாயிடம் கொடுத்தார்கள். ஆபத்து மிகுந்த முதல் நாட்களில் அது தாயைப் பிரிந்தே கிடந்தது.

இந்த வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கி, உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளும், உங்கள் டெல்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் இணைந்து, 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஆய்வு நடத்தின. பிறந்த உடனே அணைப்பைத் தொடங்கியபோது, முதல் 28 நாள் மரணங்கள் 25 சதவீதம் குறைந்தன. பயன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் மற்றக் குழந்தைகளுக்கு அதை மறுப்பது தகாது என்பதால், ஆய்வில் புதிதாகச் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முடிவுகள் 2021-இல் வெளியாயின. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இதையே பரிந்துரைத்தது.

இதற்கு விலையுயர்ந்த கருவியைவிட, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் ஒரு கட்டில் வேண்டும். தாய் களைத்திருக்கும் வேளையில் பாட்டியாகிய நீங்களும் குழந்தையை அணைத்துக்கொள்ளலாம்.