மகனின் நித்திரையைக் குழப்பாமல் பேச முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 72. வேலணையில் தனியாக இருக்கிறேன். ரொறொன்ரோவில் உள்ள மகன் அனுப்பிய கைத்தொலைபேசியைப் பக்கத்து வீட்டுப் பொடியன்தான் இயக்கித் தருகிறான். அவன் முன்னால் மனம்விட்டுப் பேசக் கூச்சமாக இருக்கிறது. நானாக எடுத்தால் மகனின் நித்திரையைக் குழப்பிவிடுவேனோ என்று பயம். கரவெட்டியில் உள்ள தங்கையைக்கூடச் செத்தவீடுகளில்தான் காண்கிறேன். இந்த வயதில் இதைப் பழகத்தான் வேண்டுமா?
— வாசகி, வேலணை

பதில்: அம்மா, உங்கள் கூச்சம் நியாயமானது. தொலைபேசிக் கடையில் காத்திருந்து, அயலவர் காதுபடப் பிள்ளைகளுடன் பேசிய காலத்தை நாங்கள் மறந்துவிடவில்லை. அதே நிலைமை இப்போது உங்கள் விறாந்தைக்கே வந்திருப்பதைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆகவே பழகுங்கள், ஆனால் வீடியோ அழைப்பில் தொடங்காதீர்கள். வட்ஸ்அப்பில் 2013 முதல் உள்ள குரல்பதிவு வசதியே உங்களுக்குப் பொருந்தும். மகனின் பெயரைத் தொட்டுத் திறந்து, கீழ் மூலையில் தெரியும் ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்தபடி பேசிவிட்டு விரலை எடுத்தால், நீங்கள் சொன்னது அவருக்குப் போய்ச் சேரும். அவர் வேலைக்குப் போகும் வழியிலோ இரவுச் சாப்பாட்டின் பின்போ ஆறுதலாகக் கேட்பார். எழுத்துத் தேட வேண்டியதில்லை, வீடியோவைவிட டேட்டாவும் மிகக் குறைவாகவே செலவாகும். பேரப்பிள்ளைகளையும் இப்படியே பேசி அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவில் ஒரு நிமிடம் முகம் காட்டிவிட்டு ஓடிவிடும் பிள்ளையின் குரலை, இதிலென்றால் விரும்பிய நேரமெல்லாம் திரும்பக் கேட்கலாம்.

நேரடியாகவே பேச விரும்பினால் காலை 7 மணி நல்ல நேரம். ரொறொன்ரோவில் அப்போது முதல்நாள் இரவு, கோடையில் 9.30, குளிர்காலத்தில் 8.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே மணிக்கூட்டை மாற்றுவதால்தான் இந்த ஒரு மணித்தியால வித்தியாசம். அதைக் கணக்கில் எடுக்காததாலேயே பலர் அகாலத்தில் அழைத்துவிட்டுப் பின்னர் வருந்துகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஓர் உதவி கேளுங்கள்: மகனின் பெயரும் தங்கையின் பெயரும் எப்போதும் பட்டியலின் உச்சியில் நிற்கும்படி செய்து தரட்டும். அதன்பின் அவன் அருகில் இருந்து சொல்லலாமே தவிர, தொலைபேசி உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். இளையவர்கள் அன்பினால்தான் அதைப் பறித்துத் தாங்களே செய்து தருகிறார்கள், ஆனால் அப்படிச் செய்தால் நாம் ஒருநாளும் பழகமாட்டோம். பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லி, தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியில் வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்பவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

முதற்பதிவை மகனுக்கு அனுப்பாமல் தங்கைக்கு அனுப்புங்கள். அங்கே நேர வித்தியாசமும் இல்லை, தவறி அழுத்தினாலும் வெட்கமில்லை. 25 நாள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவில் எந்த நாள் இருவரும் சேர்ந்து போகலாம் என்று கேட்டுப் பாருங்கள்.