மாடு மேய்கிற நிலத்துக்கு மனு எதற்கு?

கேள்வி: டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே சென்ற நவம்பரில் 12 ஏக்கர் வாங்கினோம். பக்கத்துப் பண்ணைக்காரரின் மாடுகள் வருஷக்கணக்காக அங்கேதான் மேய்கின்றன. ‘அக் எக்ஸம்ப்ஷன் (விவசாய வரி விலக்கு) உள்ள நிலம், வரி குறைவு’ என்று சொல்லி விற்றார்கள். நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா? இரண்டு வருஷத்தில் அங்கே வீடு கட்டும் எண்ணம். இருவருக்கும் மென்பொருள் வேலை.
- வாசகி, கேட்டி

பதில்: செய்ய வேண்டும் அம்மா, அதுவும் ஏப்ரல் 30க்குள். நிலம் கைமாறினால் பழைய உரிமையாளரின் சலுகை தானாக உங்களுக்கு வராது. 50-129 என்ற படிவத்தை உங்கள் பெயரில் புதிதாகக் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நில மதிப்பீட்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஆஸ்டினுக்குக் கிழக்கே 11 ஏக்கர் வாங்கி, வேலியைச் சரி செய்து, ஆடுகளை மேய விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். மே மாதம் வந்த நோட்டீஸில் முழுச் சந்தை விலைக்கு வரி. அதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. நல்ல வேளை, மறுஆய்வுக் குழு அந்த வருஷக் கணக்கை இன்னும் முடித்திருக்கவில்லை. தாமதமாக மனு கொடுத்து, சலுகையால் மிச்சமான வரித்தொகையில் 10 சதவீதம் அபராதம் கட்டித் தப்பித்தோம்.

ஊரில் சொற்பமாகக் கிஸ்தி கட்டிப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புதிது. விலக்கு என்று எல்லாரும் சொன்னாலும் இது விலக்கு இல்லை. 1978இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட சட்டத் திருத்தத்தின்படி, நிலம் என்ன விலைக்குப் போகும் என்று பார்க்காமல், விவசாயத்தில் என்ன ஈட்டும் என்று பார்த்து வரி போடுகிறார்கள். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பது கணக்கில் வராது. நிலம் என்ன செய்கிறது என்பதே கேள்வி. ஆகவே பக்கத்துக்காரர் மாடு மேய்ந்தாலும் செல்லும்.

ஆனால் முந்தைய 7 வருஷத்தில் 5 வருஷமாவது விவசாயம் நடந்திருக்க வேண்டும். நகர எல்லைக்குள் என்றால் விதி இன்னும் கடுமை. அந்த வட்டாரத்தில் வழக்கமான அளவுக்கும் விவசாயம் நடக்க வேண்டும். எத்தனை ஏக்கருக்கு எத்தனை மாடு என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். உங்கள் கவுண்டியின் வழிகாட்டியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாட்டுக்காரர் ஒருநாள் விலகிவிட்டால் தேனீ வளர்க்கலாம். 5 முதல் 20 ஏக்கர் வரை அதற்கும் இடம் உண்டு.

சரி, வீடு. வீடும் அதன் முற்றமும் இந்தச் சலுகையில் சேராது. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால், கடந்த 3 வருஷத்து வரி வித்தியாசத்தைக் கேட்பார்கள். ரோல்பேக் என்று சொல்வது இதைத்தான். 2019 வரை 5 வருஷத்துக்கு வட்டியோடு வாங்கினார்கள். 2021இல் வட்டியை அடியோடு எடுத்துவிட்டார்கள். வெறுமனே தரிசாகப் போட்டால் சலுகை போகும், ரோல்பேக் வராது. வீட்டுக்கு ஓர் ஏக்கரை ஓரமாக ஒதுக்கி, மீதியில் மேய்ச்சல் விடாமல் நடக்கட்டும். அந்த மீதி உங்கள் கவுண்டியின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதா என்பதை வரைபடம் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மாட்டுக்காரரிடம் இந்த வாரமே பேசுங்கள். வாய்வார்த்தைக் குத்தகையை எழுத்தில் மாற்றுங்கள். எந்த வருஷத்திலிருந்து மேய்க்கிறார் என்று அவர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கிப் படிவத்தோடு சேர்த்து வையுங்கள்.