பி.காம் இரண்டாம் ஆண்டு: 25,000 ரூபாய் டேலி வகுப்பு தேவையா?

தம்பி, கல்லூரிக்கு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு யாரும் வருவதில்லை, 25,000 ரூபாய் கட்டி டேலி என்ற கணக்கு மென்பொருள் வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். டேலி பிரைமை, பழகுவதற்கென்றே இருக்கும் எஜுகேஷன் மோடில் இலவசமாகவே ஓட்டலாம். மாதத்தில் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் பதிவு போட விடும். பழக அது போதும்.

அதைவிட, உங்கள் ஊர் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றுக்கு நேரில் போய், "மதியத்துக்கு மேல் வந்து வேலை பழகிக்கொள்கிறேன் சார்" என்று கேளுங்கள். போனில் கேட்டால் 'அப்புறம் பார்க்கலாம்'தான். மாதாமாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (வரிக் கணக்கு) என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன்களுக்குக் கடைசி நாள். அதற்கு முந்தைய நாட்களில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 22, 23 வாக்கில் போங்கள். நான் விவரம் தெரியாமல் 10ஆம் தேதி போய் நின்றேன். ஒரு கட்டைப்பை நிறைய பில்லைக் கொடுத்து, தேதிவாரியாக அடுக்கச் சொன்னார்கள்!

கொடுத்த பணம் பெட்ரோலுக்கே சரியாகப் போனது. ஆனால் பர்ச்சேஸ் பில்களை 2பி-யோடு (சப்ளையர்கள் போட்ட ரிட்டர்னிலிருந்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒப்பிட்டு, எந்த சப்ளையர் ரிட்டர்ன் போடவில்லை என்று பிடிக்கக் கற்றது அங்கேதான். முதல் இன்டர்வியூவில் கேட்டதும் அதைத்தான்.

சிஏ யோசனை இருக்கிறதா? அப்படியானால் பி.காமில் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடாதீர்கள். முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட் போகலாம்.