போலீஸைக் கேள்வி கேட்க ஒருவர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். 2024 மே மாதம் 'போலீஸ் அண்ட் கிரைம் கமிஷனர்' தேர்தல் என்று ஓட்டுச்சீட்டு கொடுத்தார்கள். போலீஸ் அதிகாரியை யாராவது ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்களா?

பதில்: கமிஷனர் என்றதும் நமக்குத் தொப்பியும் லத்தியும்தான் நினைவுக்கு வருகிறது, குழப்பமே அந்தப் பெயரில்தான். இவர் போலீஸ்காரர் இல்லை. யாரையும் கைது செய்யும் அதிகாரமும் இவருக்குக் கிடையாது. படையை நடத்துபவர் சீஃப் கான்ஸ்டபிள். அவரை நியமிப்பதும், சரியில்லை என்றால் விலகச் சொல்வதும், படையின் பட்ஜெட்டை முடிவு செய்வதும், எந்தக் குற்றங்களில் முதலில் கவனம் என்று திட்டம் போடுவதும், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்புகளுக்குப் பணம் ஒதுக்குவதும்தான் கமிஷனரின் வேலை.

வீட்டுக்கு வந்த கவுன்சில் டாக்ஸ் பில்லை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மொத்தத் தொகைக்கு மேலே கவுன்சிலுக்கு இவ்வளவு, தீயணைப்புக்கு இவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். அதில் கமிஷனர் பெயரில் தனியாக ஒரு தொகை போட்டிருக்கும். அந்தத் தொகையை நிர்ணயிப்பவர் அவர்தான். (லண்டனில் இந்தப் பொறுப்பு மேயருக்கு. கிரேட்டர் மான்செஸ்டர், மேற்கு யார்க்‌ஷயர் போன்ற சில இடங்களிலும் மேயர்தான்.)

2011-ல் வந்த சட்டத்துக்கு முன்னால் பெரும்பாலும் 17 பேர் கொண்ட போலீஸ் ஆணையம் இதைப் பார்த்துக்கொண்டது, அவர்கள் யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மக்களுக்குத் தெரிந்த ஒரு முகம் வேண்டும் என்றுதான் கமிஷனர் பதவியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் 2012 நவம்பரில் நடந்த முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 15 சதவீதம்தான். வேல்ஸில் நியூபோர்ட் பக்கம் பெட்டஸ் என்ற இடத்தில் ஒரு வாக்குச்சாவடியை காலை ஏழு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு மூடியிருக்கிறார்கள், ஒருவர்கூட உள்ளே வந்து ஓட்டுப் போடவில்லை. எனக்கு இது இன்றைக்கும் வருத்தமான விஷயம். முறைப்படி குடியிருக்கும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கும் இதில் ஓட்டு உண்டு, அது தெரியாமலே நம் ஆட்கள் பலர் இருந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஃப்ளாட் படிக்கட்டில் ஒரு கும்பல் ராத்திரி முழுக்க ரகளை. கமிஷனருக்கு எழுதினேன். 'இது போலீஸின் செயல்பாட்டு விஷயம், நாங்கள் தலையிட முடியாது' என்று அலுவலகத்திலிருந்து பதில். அப்புறம் எதற்கு இவர்?

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பதிலில் தப்பில்லை. யாரைப் பிடிப்பது, எந்த வழக்கை விசாரிப்பது என்பதெல்லாம் சீஃப் கான்ஸ்டபிளும் அவருடைய அதிகாரிகளும் எடுக்கும் முடிவு. ஓட்டு வாங்கி வந்த ஒருவர் இன்றைக்கு உங்களுக்காக 'அந்தப் பையனைப் பிடி' என்று சொல்ல முடிந்தால், நாளைக்குத் தனக்கு வேண்டாதவரைப் பிடிக்கவும், கட்சிக்காரரை விட்டுவிடவும் சொல்வார். இந்தக் கோடு அழியவே கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'எங்கள் பகுதியில் ரோந்து ஏன் குறைந்தது? நீங்கள் வெளியிட்ட திட்டத்தில் இதற்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள்? சீஃப் கான்ஸ்டபிளிடம் இதைக் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது?' இப்படி எழுதுங்கள். அதே கடிதத்தை உங்கள் பகுதியின் போலீஸ் அண்ட் கிரைம் பேனலுக்கும் அனுப்புங்கள். கவுன்சிலர்கள் இருக்கும் அந்தக் குழுவின் வேலையே கமிஷனரைக் கேள்வி கேட்பதுதான்.

உங்கள் படிக்கட்டுக்கு நேரடியாக ஒரு வழியும் இருக்கிறது. 2014 சட்டப்படி, இந்த மாதிரித் தொந்தரவு பற்றி ஆறு மாதத்துக்குள் மூன்று முறை புகார் கொடுத்தும் தீரவில்லை என்றால் 'கேஸ் ரிவ்யூ' கேட்கலாம். கவுன்சில், போலீஸ், வீட்டு வசதி அமைப்பு எல்லோரும் சேர்ந்து, என்ன செய்தோம், என்ன விட்டோம் என்று பார்த்தே ஆக வேண்டும். அதனால் போன் செய்த தேதி, நேரம், கொடுத்த புகார் எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

கேள்வி: சரி, கமிஷனரே தப்பு செய்தால்? நாம் அவரை இறக்க முடியுமா?

பதில்: இடையில் முடியாது. இந்த ஏற்பாட்டிலேயே பெரிய ஓட்டை இதுதான். 2014 ஆகஸ்டில் ரோதரம் என்ற நகரத்தில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமை பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. 1997-லிருந்து 2013 வரை குறைந்தது 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக அது சொன்னது. அப்போது தெற்கு யார்க்‌ஷயர் கமிஷனராக இருந்த ஷான் ரைட், அதற்கு முன் ரோதரம் கவுன்சிலில் குழந்தைகள் நலப் பொறுப்பில் இருந்தவர். பிரதமரே விலகச் சொல்லியும் ஏறக்குறைய மூன்று வாரம் நாற்காலியை விடவில்லை. பேனலால் திட்டத்தான் முடிந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு பதிவானால் மட்டுமே அது ஒரு கமிஷனரை இடைநீக்கம் செய்யலாம். கடைசியில் அவராகவே விலகினார். 2021-ல் வடக்கு யார்க்‌ஷயரில் ஃபிலிப் ஆலட், லண்டனில் ஒரு போலீஸ்காரரால் கொல்லப்பட்ட சாரா எவரார்ட் என்ற பெண்ணின் கொலை பற்றிப் பெண்களைக் குறை சொல்வது போலப் பேசி, பேனல் ஒருமனதாக நம்பிக்கையில்லை என்று சொன்ன பிறகு போனார். அங்கேயும் சட்டம் அவரை அனுப்பவில்லை, வெட்கம்தான் அனுப்பியது. வெட்கப்படாத ஆள் வந்தால் என்ன செய்வது?

கமிஷனர் இஷ்டத்துக்கு சீஃப் கான்ஸ்டபிளைத் தூக்கவும் முடியாது. ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் 1989-ல் ரசிகர்கள் இறந்தது பற்றிய விசாரணையின் தீர்ப்புக்குப் பிறகு 2016-ல் தெற்கு யார்க்‌ஷயர் சீஃப் கான்ஸ்டபிளை வெளியேற்றியது செல்லாது என்று 2017-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: இந்தப் பதவியையே எடுக்கப் போகிறார்களாமே?

பதில்: ஆமாம். 2028 மே மாதம் இப்போதைய பதவிக்காலம் முடிவதோடு சரி என்று 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. மேயர் இருக்கும் இடத்தில் பொறுப்பு மேயருக்குப் போகும், இல்லாத இடத்தில் கவுன்சில் தலைவர்கள் சேர்ந்த குழுவுக்கு. மறுபடி குழு என்றதும் எனக்குப் பழைய 17 பேர்தான் ஞாபகம் வருகிறது. உங்கள் பகுதியில் எது வரப்போகிறது, அந்தக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, கேள்வி கேட்கலாமா என்று கவுன்சிலரிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள். வரும் பதிலை எங்களுக்கும் அனுப்பி வையுங்கள்.