புதிய மனைப்பிரிவில் முதல் வீடு: பில்டரிடம் பணம் கொடுக்கும் முன் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மீஞ்சூர், பொன்னேரி, மணலி புதுநகர், மாதவரம், செங்குன்றம் பக்கத்துப் புதிய மனைப்பிரிவுகளில் முதல் வீடு கட்ட இருக்கும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மண், தண்ணீர், கான்கிரீட், கட்டுமான ஒப்பந்தம் ஆகியவை நான் நாள்தோறும் கையாளும் விஷயங்கள் என்பதால், அவற்றைப் பற்றி விரிவாகச் சொல்வேன்.

கேள்வி (மீஞ்சூர், பள்ளி ஆசிரியை): ஐயா, மனையும் வீடும் சேர்த்து ஒரே பில்டரிடம் பேசியிருக்கிறோம். மனைக்குக் கிரயப் பத்திரம், வீட்டுக்குத் தனிக் கட்டுமான ஒப்பந்தம் என்கிறார். முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: அம்மா, மாதிரி வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் மனைப்பிரிவின் ஒப்புதலைப் பாருங்கள். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககம் ஒப்புதல் அளித்த வரைபடத்தின் நகலை வாங்கி, உங்கள் மனை எண், சாலையின் அகலம், பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் மூன்றும் நேரில் இருப்பதோடு பொருந்துகின்றனவா என்று நடந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும். சாலைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், சாலையும் வடிகாலும் தெருவிளக்கும் கேட்டுப் பின்னாளில் நீங்கள்தான் அலைய நேரிடும்.

அடுத்தது ரெரா, அதாவது மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில் செய்யும் பதிவு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைகளோ வீடுகளோ விற்கும் திட்டம் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு எண்ணை வாங்கித் தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் தேடினால், ஒப்புதல் வரைபடமும் வேலையை முடித்துத் தருவதாகப் பில்டரே எழுதிக் கொடுத்த தேதியும் கிடைக்கும். பதிவு மனைப்பிரிவுக்கு மட்டும்தானா, வீடுகளும் அதில் அடங்குமா என்பதைக் கவனித்துப் படியுங்கள். மனைக்கு மட்டும் பதிவு இருந்து, வீடு தனி ஒப்பந்தமாக இருந்தால், வீட்டில் வரும் குறைக்கு ரெராவில் நிற்பது கடினமாகி, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டிய நிலை வரலாம். அதனால்தான் இரண்டு ஆவணங்களையும் ஒரு வழக்கறிஞர் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும் என்கிறேன். ஜி.எஸ்.டி. எவ்வளவு, அது பேசிய தொகைக்குள் அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வீடு வாங்கும் ஒப்பந்தத்துக்கு ஒரு விகிதமும், சொந்த மனையில் கட்டித் தரும் ஒப்பந்தத்துக்கு வேறு விகிதமும் உண்டு. கடைசித் தவணையில் அது பெரிய தொகையாக வந்து நிற்கும்.

கேள்வி (மாதவரம்): முன்பணமாக முப்பது சதவீதம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ரெராவில் பதிவான திட்டத்தில் விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யும் முன் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கச் சட்டமே தடை விதிக்கிறது. அது 13ஆம் பிரிவு. ஒப்பந்தம் பதிவான பிறகும், முடிந்த வேலைக்கு மட்டுமே பணம் கொடுக்க வேண்டும். கடைக்கால், பேஸ்மென்ட் (கடைக்காலுக்கு மேல் வீட்டின் தரை வரை எழும் பீடம்), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), தளக் கான்கிரீட், பூச்சு, தரை என்று நிலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்ததை உங்கள் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பின் அதற்குரிய தவணையைக் கொடுங்கள்.

கேள்வி (பொன்னேரி): பில்டர் மனையிலேயே போர் போட்டு, அந்தத் தண்ணீரில்தான் வேலை நடக்கும் என்கிறார். தண்ணீர் சற்று உவர்ப்பாக இருக்கிறது. பரவாயில்லையா?

பதில்: இந்த வட்டாரத்தில் என்னிடம் வர வேண்டிய முதல் கேள்வி இதுதான். மீஞ்சூர்ப் பகுதியில் சென்னைக் குடிநீருக்காகவும் ஆலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால், கடல்நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. வாய்க்குச் சற்று உவர்ப்பாகத் தெரியும் தண்ணீர் கம்பிக்குக் கேடாக இருக்கலாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநெறியான ஐ.எஸ். 456இன்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சல்பேட் 400ஐத் தாண்டக் கூடாது. குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளும். கட்டிச் சில ஆண்டுகளிலேயே சன்ஷேடும் பால்கனி அடிப்பக்கமும் பெயர்ந்து கம்பி வெளியே தெரியும் வீடுகள் பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம். பூசி மறைத்தாலும் அது நிற்காது.

ஆகவே கடைக்கால் தோண்டும் முன் தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்து, முடிவின் நகலை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். அளவு மீறினால் நல்ல தண்ணீரை லாரியில் கொண்டுவர வேண்டும் என்றும், அந்தச் செலவு யாருடையது என்றும் எழுதுங்கள். போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்து நீராற்றவும் அதே நல்ல தண்ணீர்தான் வேண்டும். இப்போது பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட்தான் வருகிறது, அதற்குக் குறைந்தது பத்து நாள் நீராற்ற வேண்டும். மூன்று நாள் சாக்கை நனைத்துவிட்டு நிறுத்துவதை ஏற்காதீர்கள்.

கேள்வி (மணலி புதுநகர், ஆட்டோ ஓட்டுநர்): சார், பேஸ்மென்ட் எத்தனை அடி உயரம் வைக்கணும்? பில்டர் ரெண்டு அடி போதும்னு சொல்றார்.

பதில்: எத்தனை அடி என்பதை அந்த இடத்தில் தண்ணீர் நின்ற மட்டத்தைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பூண்டியில் திறக்கும் உபரி நீர் கொசஸ்தலையாற்றில் வருகிறது. புழல் ஏரியின் உபரி நீர் கால்வாய் வழியாகச் சடையங்குப்பம் பக்கமாக வருகிறது. இரண்டும் எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர வேண்டும். அந்த நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தாழ்ந்த இடங்களில் தங்கிவிடுகிறது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மணலி புதுநகர் முழுகியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே சுற்றியுள்ள பழைய வீடுகளுக்குப் போய் 2015, 2021, 2023 ஆகிய மூன்று வெள்ளங்களின் சுவர்க் கறையையும் காட்டச் சொல்லுங்கள். அவற்றில் உயர்ந்ததை ஆட்டோ லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவியை வைத்து உங்கள் மனைக்குக் கொண்டுவந்து, ஒரு நிலையான கல்லில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டின் தரை அந்தக் குறிக்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பில்டர் சொல்லும் இரண்டு அடி எதிலிருந்து என்று கேளுங்கள். இன்றைய கிராவல் பாதையிலிருந்து என்றால், அதன் மேல் ஜல்லியும் தாரும் வந்தபின் அது ஒரு அடியாகச் சுருங்கும். சம்ப் மூடி, மின் மீட்டர்ப் பெட்டி, செப்டிக் டேங்க் மூடி எல்லாமே அந்தக் குறிக்கு மேல் வர வேண்டும். மனையை வாங்கும் முன் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறையாவது அடைமழையில் போய்ப் பாருங்கள்.

கேள்வி (சடையங்குப்பம் அருகில், பழைய ஊர்க்காரர்): உங்கள் பதிலைப் படித்து வருத்தப்பட்டேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் மண்ணைக் கொட்டி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் தெருவில்தான் நிற்கிறது. லேஅவுட் வருவதற்கு முன் இரண்டு நாளில் வடிந்த நீர் இப்போது வடிவதே இல்லை.

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, ஐயா. நான் சொன்னது தரையின் உயரத்தைத்தான் என்றாலும், மனை முழுவதையும் மண் கொட்டி உயர்த்துவது வேறு என்பதை அங்கேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும்; இப்போது எழுதுகிறேன். பேஸ்மென்ட்டை மட்டும் உயர்த்தி, சுற்றியுள்ள திறந்த இடத்தைப் பழைய மட்டத்திலேயே விட்டால் மனையில் தண்ணீர் தங்க இடம் இருக்கும். வசதி உள்ளவர்கள் தூண்களின் மேல் வீட்டை நிறுத்திக் கீழே வண்டி நிறுத்த விட்டால் தண்ணீர் அடியில் கடந்து போகும். மனை மொத்தத்தையும் நிரப்பி, மதிற்சுவரையும் அடைத்துக் கட்டுவதுதான் பக்கத்துத் தெருவைக் குளமாக்குகிறது.

கேள்வி (மனை விற்பனையில் இருக்கும் உறுப்பினர்): ஒரு தரப்பை மட்டும் சொல்கிறீர்கள். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றிலேயே இத்தனை மீட்டர் உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். நாங்கள் சட்டப்படிதான் உயர்த்துகிறோம்.

பதில்: சான்றில் உயர்த்தச் சொல்லும் நிபந்தனை வருவது உண்மைதான். ஆனால் அத்தகைய சான்றுகளை முழுவதும் படித்தால், வாய்க்காலை அதன் அகலம் குறையாமல் விட வேண்டும், மனைப்பிரிவின் மழைநீர் வெளியேற வடிகால் அமைக்க வேண்டும் என்பவையும் அடுத்தடுத்த நிபந்தனைகளாக இருப்பதைக் காணலாம். மண் நிரப்பும் நிபந்தனை முதல் மாதத்தில் நிறைவேறுகிறது, ஏனென்றால் மனை விற்க அது தேவை. வடிகால் கடைசி மனை விற்ற பிறகும் வருவதில்லை. நான்கு அடி அகலமிருந்த ஓடையில் ஒற்றைக் குழாயைப் போட்டு அதன் மேல் நுழைவு வளைவு கட்டியிருப்பதை நேரில் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரே தாளின் பாதியை மட்டும் நிறைவேற்றிவிட்டு அதைச் சட்டம் என்று சொல்ல முடியாது.

அவரே மீண்டும்: வெளி வடிகாலை அரசு கட்டித் தராமல் நாங்கள் உள்ளே கட்டி என்ன பயன்? எங்கள் மேல் மட்டும் பழி போடுவது சரியா?

பதில்: வெளி வடிகால் தாமதமாவது உண்மைதான், அதற்கு உங்கள் மேல் பழி இல்லை. ஆனால் ஏற்கெனவே இருந்த ஓடையை மூடாமல் விடுவதற்கு அரசு எதையும் கட்டித் தர வேண்டியதில்லை. வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் (ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையைக் காட்டும் படம்) எடுத்து, மனைப்பிரிவின் மேல் வைத்துப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய் (ஏரியின் நீர் பரவும் இடம்) என்று குறித்திருக்கும் கோடு இப்போது எங்கே இருக்கிறது என்று பில்டரிடம் கேளுங்கள். தடையின்மைச் சான்றின் நகலை எல்லாப் பக்கங்களோடும் வாங்குங்கள். வாங்குகிற இருபது குடும்பங்கள் இதைக் கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுப்பார்கள் என்றால் வடிகால் வந்தே தீரும். பழைய ஊர்க்காரர் கேட்பதும் புதிதாக வருகிறவருக்குத் தேவையானதும் ஒரே வாய்க்கால்தான். ஓடை அடைபட்டால் அடுத்த லேஅவுட் இன்னும் ஒரு அடி உயரும்போது இன்றைய புது வீடும் பள்ளமாகிவிடும்.

கேள்வி (திருவொற்றியூர்): மனையை நிரப்பக் கூடாது, சரி. பேஸ்மென்ட்டுக்கு உள்ளே எதைப் போடுவது?

பதில்: கிராவல் அல்லது கிரஷர் தூசி நல்லது. களிமண் கலந்த சவுடும் இடிபாடும் வேண்டாம். களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், டைல்ஸ் தரை இறங்கும். ஆறு அங்குலத்துக்கு ஓர் அடுக்காகப் போட்டு, நனைத்து, இடித்துவிட்டு அடுத்த அடுக்கைப் போட வேண்டும். கடைக்காலுக்கு மண் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். பக்கத்து மனையின் அறிக்கையை உங்களுக்கும் பொருத்திக் காட்டினால் ஏற்காதீர்கள்.

கேள்வி (புழல்): சமையலறை அக்னி மூலையில் வரவில்லை. பில்டரை மாற்றச் சொல்லலாமா?

பதில்: வாஸ்து என் துறை அல்ல. எதை மாற்றுவதானாலும் வரைபட ஒப்புதலுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கேள்வி (எண்ணூர்): சாம்பல் கல் போடலாமா, செங்கல்தானா?

பதில்: தரமான சாம்பல் கல் போடலாம். அளவு சீராக இருப்பதால் பூச்சு குறையும். சோதனைச் சான்று கேளுங்கள். ஒரு கல்லை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, ஓரம் கரைகிறதா என்று பாருங்கள். கடற்காற்று நேரே படும் இடத்தில் கல்லைவிடக் கம்பியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடும் கனம் வரைபடத்தில் எழுதியபடி வர, கம்பியைத் தாங்கும் சிறு கட்டைகளான கவர் பிளாக் வைக்கிறார்களா என்று கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தைய மாலை போய்ப் பாருங்கள். ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கொடுங்கையூர்): முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: மேலே மாதவரத்து உறுப்பினருக்கு எழுதியதைப் படியுங்கள். முடிந்த வேலைக்கு மட்டும் பணம்.

கேள்வி (செங்குன்றம்): பஞ்சாயத்து அப்ரூவல் மனை பாதி விலைக்கு வருகிறது. வாங்கி வீடு கட்டலாமா?

பதில்: வேண்டாம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கு வந்த வரன்முறைத் திட்டத்தை (ஒப்புதல் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் திட்டம்) காட்டிப் புது மனையை விற்பார்கள், நம்பாதீர்கள். செங்குன்றம் (புழல்) ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மனைப்பிரிவுக்கே கட்டுப்பாடு உண்டு. அது நாம் குடிக்கும் தண்ணீர்.

கேள்வி (மணலி): ஒப்புதல் பெற்ற மனையில் சிறிய வீடுதான். வரைபட ஒப்புதல் வாங்க எத்தனை மாதம் ஆகும்?

பதில்: 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனே கிடைக்கும். இதற்காகப் பில்டர் பெருந்தொகை கேட்டால் கணக்குக் கேளுங்கள். சுயசான்றில் கையெழுத்து உங்களுடையது என்பதால், வரைபடத்தை மீறிக் கட்டினால் பொறுப்பும் உங்களுடையதே.

கேள்வி (வியாசர்பாடி): சதுர அடிக்கு என்ன ரேட்?

பதில்: கம்பி, சிமெண்ட், தண்ணீர், கடைக்காலின் வகை எதுவும் எழுதாத ரேட்டுக்குப் பொருள் இல்லை. விவரப் பட்டியலோடு மூன்று பேரிடம் விலை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (பெரம்பூர்): முன்பணமாக இருபது சதவீதம் கேட்கிறார், தள்ளுபடியும் தருகிறாராம்.

பதில்: தள்ளுபடி தந்தாலும் அதே பதில்தான்.

கேள்வி (மீஞ்சூர்): அடுத்த மாதம் சாவி தருகிறார்கள். கடைசித் தவணைக்கு முன் எதை வாங்க வேண்டும்?

பதில்: கட்டமைப்பு வரைபடம், பூச்சுக்கு முன் எடுத்த மின்குழாய், தண்ணீர்க் குழாய்ப் படங்கள், தண்ணீர், கான்கிரீட் சோதனை முடிவுகள், மின் இணைப்பு ஆவணங்கள் எல்லாவற்றையும் வாங்குங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் கட்டி ஒரு முழு நாள் விட்டு, கீழே கசிகிறதா என்று பாருங்கள். ரெரா திட்டமாக இருந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியும் கட்டமைப்புக் குறையைப் பில்டர் முப்பது நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆகவே சாவி வாங்கிய தேதியை எழுத்தில் பெறுங்கள். வெள்ள மட்டம் குறித்த கல்லை மதிற்சுவர் வேலையில் பெயர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் புதுச் சாலை போட வரும்போது அதைக் காட்டித்தான் பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லிக் கேட்க முடியும்.