அதிபர் கையெழுத்துப் போட்டால் போதுமா?

கே: டிரம்ப் ஒரு கையெழுத்துப் போடுகிறார், மறுநாளே ஆட்களை விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அமெரிக்காவில் கோர்ட் என்று ஒன்று கிடையாதா? (வாசகர், கோவில்பட்டி)

கோர்ட் இருக்கிறது. விமானம் கிளம்புவதற்குள் அதன் வாசலுக்குப் போய்ச் சேர முடிகிறதா என்பதுதான் பிரச்சினை. 2025 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். 1798-இல் போட்ட 'அந்நிய எதிரிகள் சட்டம்' என்று ஒன்று அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அதுவரை மூன்றே போர்களில்தான் அதை எடுத்திருந்தார்கள், கடைசியாக இரண்டாம் உலகப் போரில். அதைத் தூசி தட்டி எடுத்து, வெனிசுவேலாவைச் சேர்ந்த ஒரு குற்றக் கும்பலின் ஆட்கள் என்று சொல்லி, பலரை எல் சால்வடோர் சிறைக்கு அனுப்பினார்கள். விமானங்களைத் திருப்புங்கள் என்று வாஷிங்டனில் ஒரு நீதிபதி சொன்னார், அவை திரும்பவில்லை.

அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின்கீழ் அனுப்புவதானாலும் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், ஆட்கொணர்வு மனு போட அவகாசம் தர வேண்டும் என்றது. மே மாதம் இன்னும் ஒரு படி மேலே போய், 24 மணி நேர நோட்டீஸ் போதாது என்றும் சொல்லிவிட்டது. கவனியுங்கள், அனுப்பவே கூடாது என்ற இறுதித் தீர்ப்பு அந்த இரண்டு உத்தரவிலும் இல்லை. கேட்காமல் அனுப்பாதே என்பதுதான் அங்கே பிடித்த பிடி. அதிபரின் கையைக் கட்டுவது பெரும்பாலும் இப்படி முறை சார்ந்த கயிறுதான். மெல்லியது, ஆனால் அறுக்கக் கஷ்டம்.

கே: என் தங்கை குடும்பம் எச்-1பி விசாவில் நியூ ஜெர்சியில் இருக்கிறது. 'ஐஸ்' அதிகாரிகள் வந்தால் கதவைத் திறக்கவே வேண்டாம், அவர்களிடம் வாரண்டே இருக்காது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பலாமா? (வாசகி, திருச்சி)

பாதி நம்பலாம். குடியேற்ற அமலாக்கத் துறையைத்தான் ஆங்கிலச் சுருக்கத்தைச் சேர்த்துப் படித்து 'ஐஸ்' என்கிறார்கள். அவர்கள் கையில் வாரண்ட் என்று ஒரு தாள் இருக்கலாம். ஆனால் கையெழுத்து யாருடையது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதே துறையின் அதிகாரி ஒருவர் போட்டதாக இருக்கும். அதைக் காட்டித் தெருவில், கடையில் கைது செய்யலாம். ஆனால் உள்ளே இருப்பவர் சம்மதிக்காமல் வீட்டுக்குள் நுழைய நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் தேவை என்பதுதான், அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தத்தை வைத்து அங்கே காலங்காலமாக நடைமுறையில் இருக்கும் விதி. 'வாங்க' என்று நீங்களே கதவைத் திறந்து வழிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. அதனால் கதவை மூடியபடியே, தாளை அடியில் தள்ளுங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள், கத்தல் கூச்சல் வேண்டாம்.

அப்புறம் ஒன்று, அந்த வாட்ஸ்அப் செய்தியில் இது இருக்காது: 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் தங்கள் பதிவு ஆவணத்தை (குடியேற்றத் துறையில் பதிவானதைக் காட்டும் தாளை) எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பழைய சட்டம். தங்கை வீட்டில் அதைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

கே: ஒபாமா சட்டத்தை மீறி லட்சக்கணக்கானவர்களை இருக்கவிட்டார், எல்லோரும் கைதட்டினீர்கள். டிரம்ப் சட்டத்தை அமல்படுத்தினால் மட்டும் வரம்பு, அத்துமீறல் என்று பேசுகிறீர்களே? (வாசகர், மதுரை)

கோபம் நியாயம்தான், ஆனால் ஒபாமாவுக்கும் அடி விழுந்தது. 2012-இல் அவர் அரசு கொண்டுவந்த 'டாக்கா' திட்டம், 16 வயதுக்கு முன்பே அமெரிக்காவுக்குள் கொண்டுவரப்பட்டு அங்கேயே வளர்ந்தவர்களுக்கானது. இரண்டு வருடம் நாடு கடத்த மாட்டோம், வேலை பார்க்கலாம், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். 2014-இல் அதேபோன்ற சலுகையை, அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ உள்ள பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் நீட்டப் பார்த்தார், 40 லட்சம் பேருக்கு மேல் பயன் கிடைத்திருக்கும். டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்கள் வழக்குப் போட்டுத் தடை வாங்கின. உச்ச நீதிமன்றம் 2016-இல் 4-க்கு 4 என்று சரிபாதியாக நின்றதால் (நீதிபதி ஸ்காலியா இறந்து ஓர் இடம் காலியாக இருந்தது) அந்தத் தடை அப்படியே நிலைத்தது. திட்டம் ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை.

இனி மறுபக்கம். டிரம்ப் 2017-இல் டாக்காவை மூட முயன்றார், 2020-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தடுத்தது. மூட அதிகாரம் இல்லை என்றல்ல. ஏறக்குறைய 7 லட்சம் பேர் இதை நம்பிப் படிப்பு, வேலை, குடும்பம் என்று அமைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதைக் கணக்கில் எடுத்தாயா, காரணத்தை ஒழுங்காக எழுதினாயா என்பதுதான் கேள்வி. எழுதவில்லை, அதனால் செல்லாது. சரி, யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று முன்னுரிமை வகுக்கலாமா? பைடன் வகுத்தார். டெக்சாஸும் லூசியானாவும் கோர்ட்டுக்குப் போயின. 2023-இல் 8-க்கு 1 என்று, அப்படி வழக்குப் போட மாநிலங்களுக்குத் தகுதியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் அதிகம் பேரைக் கைது செய் என்று அரசை விரட்டுவது கோர்ட்டின் வேலை இல்லை என்பதுதான் அதன் சாரம். ஆக, பிடிக்காமல் விடுவதில் அதிபருக்கு நிறைய இடம் உண்டு. விடப்பட்டவர்களுக்கு வேலை அனுமதி மாதிரி புதிய சலுகை கொடுக்கப் போனால்தான் காங்கிரஸ் இதற்கு அனுமதி கொடுத்ததா என்ற கேள்வி வருகிறது. (நம் ஊர்க் கட்சி இல்லை, அவர்கள் நாடாளுமன்றம்.)

கே: மாநில போலீஸ் இதில் உதவ மாட்டோம் என்று சொல்ல முடியுமா? (வாசகர், சேலம்)

முடியும். மாநில அதிகாரிகளைத் தன் வேலைக்காரர்கள்போல மத்திய அரசு ஏவ முடியாது என்று 1997-இல் ஒரு துப்பாக்கிச் சட்ட வழக்கில் வந்த தீர்ப்பு இங்கேயும் கைகொடுக்கிறது. ஆனால் ஐஸ் அதிகாரிகளை வராதே என்று தடுக்க முடியாது.

கே: எல்லையில் பிடிபட்ட அகதிக்கும் இந்த உரிமைகள் எல்லாம் உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

உங்களுக்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. இந்தக் கேள்வியைத் தீர்மானித்ததே ஓர் இலங்கைத் தமிழரின் வழக்குதான். 2017-இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். ஊரில் தன்னைக் கடத்தி அடித்தார்கள் என்று சொன்னார். அடித்தவர்கள் யார், ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. விசாரித்த அதிகாரி தஞ்சம் கேட்கத் தகுதியில்லை என்று எழுதினார், மேலதிகாரி ஒப்புக்கொண்டார், குடியேற்ற நீதிபதியும் ஒப்புக்கொண்டார். இந்த 'நீதிபதி' தனிக் கோர்ட்டைச் சேர்ந்தவர் இல்லை, அரசின் நீதி அமைச்சகத்தின் ஊழியர். அதாவது இவரும் அரசாங்கத்தின் ஆள்தான். அதனால் ஆட்கொணர்வு மனு மூலம் உண்மையான கோர்ட்டுக்குப் போனார்.

2020-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று கைவிரித்தது. ஆட்கொணர்வு மனு விடுதலை கேட்பதற்கு, தஞ்சம் கேட்க இன்னொரு வாய்ப்பு வாங்குவதற்கு அல்ல. இப்போதுதான் எல்லை தாண்டியவருக்குக் காங்கிரஸ் சட்டத்தில் எழுதிக் கொடுத்ததுதான் உரிமை, அதற்குமேல் எதுவும் கிடையாது என்றது. சோட்டோமேயர், கேகன் இரண்டு நீதிபதிகள் மட்டும் மறுத்தார்கள். அந்த 25 கஜத்தை நாட்டுக்குள் வந்துவிட்டதாகக் கணக்கில் எடுக்க மற்றவர்கள் தயாராக இல்லை.