ஊஞ்சல் உச்சிக்குப் போகட்டும், பொறுங்கள்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எனக்கு 66 வயது. பேத்திக்கு 8, பேரனுக்கு 5. சாயங்காலம் இருவரையும் பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும் நான்தான் கூட்டிப்போகிறேன். போனில் நிறையப் படம் எடுக்கிறேன். பாதி மங்கலாக வருகிறது. மீதியில் இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். உன் கை நடுங்குகிறது என்கிறாள் மகள். போனோ இடமில்லை, இடமில்லை என்று கத்துகிறது. நல்ல கேமராவாக ஒன்று வாங்கிவிடலாமா? இன்னொன்று, இத்தனை ஆயிரம் படத்தில் ஒன்றில்கூட நான் இல்லை." மாதிரிக்கு மூன்று படங்களும் அனுப்பியிருக்கிறார். மூன்றாவதன் கீழே, "என் நிழல் விழுந்து கெட்டுப்போனது, அழிக்கப்போகிறேன்" என்று குறிப்பு.

அம்மா, கேமரா வேண்டாம். பை நிறையச் சுமந்துகொண்டு ஐந்து வயதுக்காரன் பின்னால் ஓட முடியாது. கையிலிருக்கும் போனே போதும்.

முதலில் அந்தக் கை நடுக்க விஷயம். உங்கள் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேரன் ஊஞ்சலில் இருக்கிறான், முகம் இழுபட்டுக் கலங்கிக் கிடக்கிறது. ஆனால் பின்னாலுள்ள மரத்தில் இலைகளை எண்ணலாம். கை நடுங்கியிருந்தால் மரமும் சேர்ந்தல்லவா கலங்கியிருக்கும்? ஆடியது அவன்தான், நீங்கள் இல்லை. இதை மகளிடம் காட்டிவிடுங்கள்.

மங்கலாக வந்த எந்தப் படத்தையும் இப்படி விசாரித்துப் பார்க்கலாம். மரம், பெஞ்ச், பிள்ளை எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. பிள்ளை அசையாமல் நின்றும் முகம் மங்கி, பின்னாலிருக்கும் வேலி பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. எடுப்பதற்கு முன் திரையில் முகத்தின் மேல் ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும். படம் முழுக்கப் பால் தெளித்ததுபோல வெளுத்திருந்தால் லென்ஸில் விரல் பட்டிருக்கிறது. உங்கள் இரண்டாவது படம் அந்த ரகம்தான். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சாவி இருக்கிறதா என்று பார்ப்பீர்கள் இல்லையா, அப்போதே லென்ஸையும் ஒரு துடை துடைத்துவிடுங்கள்.

இனி ஊஞ்சலுக்கு வருவோம். வெளிச்சம் குறையக் குறைய, போன் தன் ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை, அதிக நேரம் திறந்து வைக்கும். சாயங்காலம் மரத்தடியில் அது ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குவரைகூடப் போகலாம். கேட்க மிகச் சின்ன நேரம்தான். ஆனால் நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடும் பிள்ளை அதற்குள் பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு முகத்தின் அகலம். அதே ஷட்டர் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு மட்டும் திறந்தால் நகர்வு ஆறு மில்லிமீட்டர்தான்; படத்தில் அது தெரியவே தெரியாது. ஆகவே வெளிச்சம் கூடினால் மங்கல் குறையும். வெயில் சாய்ந்த பிறகும் இருட்டுவதற்கு முன்பும் உள்ள நேரம்தான் முகத்துக்கு அழகு. நீங்கள் வழக்கமாகக் கிளம்புவதைவிட அரைமணி முன்னால் கிளம்பிப் பாருங்கள், பாதிக் குறை தீர்ந்துவிடும். நைட் மோடை ஓடும் பிள்ளைகளிடம் பயன்படுத்தாதீர்கள். அது சில நொடிகள்வரை பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டுவது. அசையாத கட்டடத்துக்கு அருமை. ஐந்து வயதுக்காரனுக்கு ஆகவே ஆகாது.

வெளிச்சம் நம் கையில் இல்லாத நாளும் உண்டு. அன்றைக்குப் பிள்ளையின் ஆட்டத்தைக் கவனியுங்கள். ஊஞ்சல் எங்கே வேகமாகப் போகிறது? அடியில், நடுவில். மேலே போகப்போக வேகம் குறைந்து, உச்சியில் ஒரு கணம் நின்றுதான் திரும்பும். அந்தக் கணத்தில் அழுத்துங்கள். கால் நீட்டி, முடி பின்னால் பறந்து, வாய் திறந்திருக்கும். படம் மட்டும் அசையாது. இரண்டு ஆட்டம் சும்மா பாருங்கள், மூன்றாவதில் உங்களுக்கே தாளம் பிடிபட்டுவிடும். இந்த மாதிரி நிறுத்தம் எல்லா விளையாட்டிலும் இருக்கிறது. சறுக்குமரத்தின் உச்சியில் கையை விடுவதற்கு முன், தாவுவதற்கு முழங்கால் மடக்கும்போது, பந்தை எறியக் கையைப் பின்னால் கொண்டுபோகும்போது. ஓடும் பிள்ளையைத் துரத்துவதைவிட, திரும்பி வரும் இடத்தில் காத்திருப்பது எளிது. முழங்காலுக்கும் நல்லது.

இன்னும் வசதி வேண்டுமென்றால் தொடர்படம் இருக்கிறது. பல போன்களில் ஷட்டர் பட்டனை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தால் படபடவென்று எடுத்துத் தள்ளும். சிலவற்றில் வெறுமனே அழுத்திப் பிடித்தால் போதும், சிலவற்றில் அப்படிப் பிடித்தால் வீடியோ ஓடத் தொடங்கிவிடும். உங்கள் போன் எந்த ஜாதி என்பதை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள், ஊஞ்சலடியில் ஆராய்ச்சி வேண்டாம். திரையைத் தட்டுவதற்குப் பதிலாக வால்யூம் பட்டனை அழுத்தினாலும் பெரும்பாலான போன்களில் படம் விழும். இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு அப்படி அழுத்தினால், உண்மையிலேயே கை நடுங்குபவர்களுக்குக்கூட நல்ல படம் வரும்.

ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்மணிக்கு, 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமரா பரிசளித்தார்கள். அந்தக் காலத்து முறையில் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். 1865-இல் இரண்டே கால் வயதுப் பேரனை எடுத்தார், தூங்குகிற கோலத்தில். வேறு எப்படி எடுப்பது? அவர் படங்கள் மங்கல், ஃபோகஸ் சரியில்லை என்று அன்றைய விமர்சகர்கள் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இன்று அந்தப் படங்கள் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கொஞ்சம் மங்கலானாலும் முகத்தில் உயிர் இருந்தால் அழிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கதை.

அப்புறம் அந்த விறைப்பு. "இங்கே பார், சிரி" என்று சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பதில்லை, பல்லைக் காட்டுகிறார்கள். இரண்டாவது படத்தில் பேத்தியின் கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கின்றன, பள்ளியில் வரிசையில் நிற்பதுபோல. ஏதாவது வேலை கொடுங்கள். காய்ந்த இலைகளில் பெரியது எது என்று தேடச் சொல்லுங்கள், தம்பி காதில் ஒரு ரகசியம் சொல்லச் சொல்லுங்கள். கேமராவைப் பார்க்கவே வேண்டாம். பார்த்த படங்களைவிடப் பார்க்காத படங்கள்தான் பிற்காலத்தில் அதிகம் பேசும் என்பது என் கட்சி.

உயரமும் முக்கியம். நின்றபடி கீழே நோக்கி எடுத்தால் உச்சந்தலை பெரிதாக, கால் குட்டையாக, பின்னணியில் வெறும் மண்தான் வரும். குனிய முடியவில்லை என்றால் ஒரு சின்னத் தந்திரம். போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். மேல்முனையில் இருக்கும் லென்ஸ் அடிப்பக்கம் வந்துவிடும். கையைத் தொங்கவிட்டு, லென்ஸைப் பிள்ளையின் முகத்துக்கு நேராக வைத்து, வால்யூம் பட்டனை அழுத்துங்கள். படம் தானாக நேராகிக்கொள்ளும். எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பவனை அவன் உயரத்திலிருந்தே எடுத்துவிடலாம்.

விரலால் திரையை விரித்து ஜூம் செய்வதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அதிகம் விரித்தால் பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் நடக்கும், மாவாகிவிடும். நாலடி எடுத்து வையுங்கள். கண்கூச்சத்தைத் தடுக்கும் போலரைஸ்டு குளிர்கண்ணாடி போட்டிருந்தால், போனை ஒரு பக்கமாகத் திருப்பும்போது திரை கறுத்துப்போகலாம். போன் கெட்டுவிடவில்லை, கண்ணாடியைக் கழற்றுங்கள்.

எத்தனை படம் எடுக்கலாம்? லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்தவர்களுக்கு, சும்மா பார்த்தவர்களைவிட அந்தப் பொருள்கள் குறைவாகவே நினைவில் நின்றன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தவர்களுக்கு அந்த மறதி இல்லை. பிள்ளைகளுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. என் வழக்கம் என்னவென்றால், முதல் பத்து நிமிடம் எடுத்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுவிடுவேன். அதன்பின் ஏதாவது ஒன்று கண்ணைப் பிடித்து இழுத்தால் மட்டும் வெளியே வரும். சேறு அப்பிய உள்ளங்கை, இடம் வலம் மாற்றிப் போட்ட செருப்பு, இந்த மாதிரி. ஏரிக்கரையில் மட்டும், பிள்ளைகள் தண்ணீர் ஓரம் இருக்கிறவரை போன் பையிலேயே இருக்கட்டும். பார்க்க வேறு பெரியவர் யாராவது இருந்தால் பேச்சு வேறு.

இடமில்லை என்ற கூச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் படங்கள் அல்ல, வீடியோக்கள். ஐபோன் கணக்குப்படி ஒரு நிமிட வீடியோ 1080பி தரத்தில் சுமார் 60 எம்பி, அதைவிடக் கூர்மையான 4கே தரத்தில் சுமார் 170 எம்பி. ஒரு படம் சில எம்பிதான். வீடியோவை 1080பி-க்கு மாற்றி, இருபது முப்பது நொடியோடு நிறுத்துங்கள். ஆனால் எடுங்கள், குரலுக்காக. இன்றைக்கு "ர" வராமல் "ல" என்று பேசுகிறவன் அடுத்த ஆண்டு அப்படிப் பேசமாட்டான்.

அழிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இணையத்தில் படங்களைச் சேமித்துவைக்கும் கூகுள் ஃபோட்டோஸிலோ ஐபோனின் ஐகிளவுடிலோ படங்கள் ஏறியிருந்தால், போனில் அழித்தது அங்கேயும் அழிந்துவிடலாம். "அங்கேதான் இருக்கிறதே" என்று நம்பி மொத்தமாக அழித்தவர்கள் எத்தனையோ பேர். கூகுள் ஃபோட்டோஸில் போன் இடத்தைக் காலிசெய்ய என்றே தனி வசதி இருக்கிறது. அது மேலே ஏறிவிட்ட படங்களின் போன் பிரதியை மட்டும் நீக்கும். அதைப் பயன்படுத்துங்கள். தெரியாமல் அழித்துவிட்டால் பதறாமல் குப்பைத்தொட்டியைப் பாருங்கள்: ஐபோனில் 30 நாள், கூகுளில் ஏறிய படமென்றால் 60 நாள் அங்கே இருக்கும். இலவச இடம் கூகுளில் 15 ஜிபி, அதிலேயே மின்னஞ்சலும் அடக்கம். ஐகிளவுடில் 5 ஜிபி. ஆகவே நல்ல படங்களை மட்டும் மகளின் கணினியிலோ தனி ஹார்ட் டிஸ்கிலோ இன்னொரு பிரதி வையுங்கள். இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம். கடவுச்சொல் உங்கள் மனதில் மட்டும் இருந்தால் நல்லதல்ல.

தேர்ந்தெடுக்கும் வேலையை அன்றைக்கு ராத்திரியே முடித்துவிடுங்கள், பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒரு வெளியுலாவுக்கு நாலு படம் தங்கினால் போதும். தங்கிய படத்தை மேலே தள்ளினால் குறிப்பு எழுத இடம் வரும். யார், எங்கே, அப்போது என்ன சொன்னான் என்று ஒரு வரி. தேதியைப் போனே எழுதிக்கொள்ளும், அவன் சொன்னதை அது எழுதாது. பிரிண்ட் போட்டால் மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

குடும்பக் குழுவில் பகிர்வதற்கு வாட்ஸ்அப் சரி. ஆனால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பெரிதாகப் பிரிண்ட் போட அது போதாது. டாக்குமென்டாக அனுப்பினால் படம் அப்படியே போகும், கூடவே எடுத்த இடத்தின் விவரமும் போகலாம். எனவே அதை வீட்டாருக்கு மட்டும். மற்றபடி ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் பிள்ளைகளின் பெற்றோரைக் கேளுங்கள். எட்டு வயதுக்காரியையும் கேளுங்கள், அவளுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும்.

கடைசியாக, நீங்கள் இல்லாத அந்தக் குறை. போனைப் பெஞ்சில் சாய்த்துவைத்துப் பத்து நொடி டைமர் போடலாம்தான். அதைவிட எனக்குப் பிடித்தது, போனைப் பேத்தி கையில் கொடுத்துவிடுவது. முதல் இருபது படத்தில் உங்கள் மூக்குத் துவாரமும் அவள் விரலும்தான் இருக்கும். இருக்கட்டும். இருபத்தொன்றாவதில் அவள் உயரத்திலிருந்து அவள் பார்க்கிற பாட்டி வருவாள். தம்பியின் கையைப் பிடித்திருக்கும் உங்கள் கையை மட்டும் எடுக்கச் சொன்னாலும் சரி.

அந்த மூன்றாவது படம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்ததால்தான் குந்தியிருக்கும் பேரனின் முகத்தில் வெளிச்சம் முழுதாக விழுந்திருக்கிறது; மூன்றில் தெளிவானது இதுதான். அவன் எறும்பைப் பார்க்கிறான். பக்கத்துப் புல்லில், இரண்டு முழங்கைகளையும் தூக்கிப் போனைப் பிடித்தபடி நீளமாக ஒரு நிழல். ஒன்றில்கூட நான் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இதை அழிக்காதீர்கள் அம்மா. பிரிண்ட் போடும்போது எனக்கு அனுப்பிய பிரதியைக் கொடுக்க வேண்டாம், அது சுருங்கி வந்திருக்கிறது. போனில் இருக்கும் அசலைக் கொடுங்கள். ஓரத்தை வெட்டிவிடட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.